இரண்டாவது விமானம்: வாடிக்கையாளர் தங்குவதும் நழுவுவதும் இங்கேதான்

நம் சங்க உறுப்பினர்களில் பொம்மைக் கடை, விளையாட்டுச் சாமான் கடை, எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பலர் இப்போது ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானங்களையும் அலமாரியில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்கள், என்.சி.சி. விமானப் பிரிவில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், வார விடுமுறையில் மனமாற்றம் தேடும் கம்பெனி ஊழியர்கள் என்று பல தரப்பினரும் தேடி வரும் சரக்கு இது. முதல் விமானத்தை விற்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பழகுவதற்கான டிரெய்னர் விமானத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். ஆறு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர், "இது பழகிவிட்டது, அடுத்து என்ன வாங்கலாம்?" என்று கேட்டு வருவார். அன்று நாம் சொல்லும் பதிலில்தான் வியாபாரமே இருக்கிறது. கோவையில் கடை நடத்தும் நாங்கள் இதை ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம்.

கல்லூரி மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் வந்தார். டிரெய்னரை நான்கு மாதம் ஓட்டியிருந்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போர் விமான மாடலைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். விலை அதிகம், லாபமும் அதிகம். நாங்களும் மறுபேச்சின்றிப் பில் போட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், தரையிறக்குவதற்காகத் திருப்பியபோது விமானத்தின் ஒரு பக்க இறக்கை சாய்ந்து, அப்படியே மூக்குக் குப்புற விழுந்தது. திங்கட்கிழமை தந்தை மட்டும் பெட்டியோடு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க, விவரம் தெரிஞ்ச நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அந்த மாணவர் தம் டிரெய்னரையும் ரிமோட்டையும் யாருக்கோ விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரு நாள் லாபத்துக்காக, பல ஆண்டுகள் வந்து போகக்கூடிய ஒரு வாடிக்கையாளரை இழந்தோம்.

டிரெய்னர் கற்றுக்கொடுக்காத பாடம்

டிரெய்னர் விமானத்தில் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும். இந்த அமைப்பினால், ஓட்டுபவர் தடுமாறிக் கைகளை எடுத்துவிட்டாலும் விமானம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். இறக்கையின் அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் மெதுவாகவும் பறக்கும். அதாவது, பாதி வேலையை விமானமே செய்துவிடுகிறது.

போர் விமான மாடலோ ஜெட் மாடலோ இப்படி உதவி செய்யாது. சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கும். வேகம் குறைந்தால் மன்னிக்காது. பல போர் விமானங்களின் இறக்கை நுனி குறுகலாக இருக்கும். வேகம் குறையும்போது அந்த நுனிதான் முதலில் தூக்கும் சக்தியை இழக்கும். அந்த மாணவரின் விமானம் விழுந்த காரணமும் அதுதான். டிரெய்னருக்கும் இவற்றுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைத்தான் நாம் விற்க வேண்டும்.

பெட்டியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

எங்கள் கடையில் இப்போது இரண்டாவது விமானம் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்காமல் எந்தப் பெட்டியையும் இறக்குவதில்லை.

ஒன்று: வானத்தில் எட்டு வடிவம் போட முடிகிறதா? விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். அந்தக் குழப்பம் இல்லாமல் இருபுறமும் திருப்பி, தொடர்ந்து பத்து முறை சேதமின்றித் தரையிறக்க முடிந்தால் அவர் தயார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் டிரெய்னரையே ஓட்டச் சொல்லி, ப்ரொப்பெல்லர் இரண்டும் கூடுதல் பேட்டரி ஒன்றும் விற்பதே நல்லது.

இரண்டு: எங்கே ஓட்டுகிறார்? சிமெண்ட் தரையா, புல்வெளியா, அறுவடை முடிந்த வயலா, வற்றிய ஏரியா? சின்னச் சக்கரம் கொண்ட ஜெட் மாடல் கட்டாந்தரையிலும் புல்லிலும் ஓடாது. பெரிய சக்கரமும் உறுதியான கால்களும் உள்ளதைத்தான் காட்ட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று எங்கள் பகுதி உறுப்பினர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் அரைக்கிலோ எடையுள்ள நுரை விமானம் காகிதம் போல் அல்லாடும்.

மூன்று: கையில் என்ன ரிமோட், என்ன சார்ஜர், என்ன பேட்டரி இருக்கிறது? ஏற்கெனவே இருப்பது பயன்படுமானால் அந்தப் பணத்தை அவர் நல்ல விமானத்தில் போடலாம். பயன்படாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தால் பழி நம் தலையில்தான் விழும்.

எதைக் காட்டுவது?

நாங்கள் காட்டுவது, இறக்கை உடலின் அடியில் பொருந்திய நான்கு சேனல் ஸ்போர்ட் விமானம். இறக்கை நீளம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இருக்கலாம். வாங்கும்போதும் விற்கும்போதும் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை:

இறக்கையின் அகலம் உடலிலிருந்து நுனி வரை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இறக்கை வேகம் குறையும்போது உடலை ஒட்டிய பகுதியில்தான் முதலில் சக்தியை இழக்கும். ஆகவே திடீரென ஒரு பக்கம் கவிழும் ஆபத்து குறைவு.

இறக்கையின் அடிப்பக்கமும் வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குட்டிக்கரணம், உருளல், தலைகீழாகப் பறத்தல் ஆகியவற்றைப் பழக முடியும்.

நான்கு சேனல் என்றால் த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர், ஏலிரான் நான்கும் தனித்தனியே இயங்க வேண்டும். மூன்று சேனல் விமானத்தில் பழகியவருக்கு ஏலிரான் புதியது. அவருக்கு நேரே தாழ்ந்த இறக்கை விமானத்தைக் கொடுக்காமல், ஏலிரான் உள்ள மேல் இறக்கை விமானத்தை முதலில் கொடுப்பதே முறை.

அமெரிக்காவின் ஸிக் நிறுவனத்தின் ஃபோர் ஸ்டார் 40 இந்த வகைக்கு நல்ல உதாரணம். சுமார் 60 அங்குல இறக்கை, நேரான வடிவம், அடியில் பொருந்திய அமைப்பு. அதைப் பார்த்தால் "இரண்டாவது விமானம்" என்றால் என்ன என்பது எளிதில் விளங்கும். பெயரில் உள்ள 40 என்பது 0.40 கன அங்குல எஞ்சினைக் குறிக்கும். நம் கணக்கில் சுமார் 6.5 சி.சி. மின் மோட்டார் பரவலாகிவிட்ட பிறகும் கேட்லாக்குகளில் இந்த அளவுப் பெயர் வழங்குவதை மொத்த வியாபாரிகள் கவனித்திருப்பார்கள்.

எடைக் கணக்கு

வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் போதும். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுக்க வேண்டும்.

39 சதுர டெசிமீட்டர் இறக்கையும் 2.3 கிலோ எடையும் உள்ள விமானத்தில் ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை 59 கிராம் சுமக்கிறது. அதே பரப்புள்ள இன்னொரு விமானத்தின் எடை 3.2 கிலோ என்றால் சுமை 82 கிராம். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது விமானம் வானில் நிற்பதற்கே சுமார் 18 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் தரையில் மோதினால் மோதலின் சக்தி முதல் விமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழகும் கைக்கு எது தாங்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மோட்டாரும் பேட்டரியும்

மோட்டார் விஷயத்தில், ஸ்போர்ட் விமானத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 220 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 1.2 கிலோ விமானத்துக்குச் சுமார் 265 வாட். 11.1 வோல்ட் பேட்டரியில் அது 24 ஆம்பியர். எனவே 24 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 35 அல்லது 40 ஆம்பியர் கொடுப்பதே பாதுகாப்பு. 2200 எம்.ஏ.எச். பேட்டரியை முழு வேகத்தில் ஓட்டி, 80 சதவீதம் தீர்ந்ததும் இறக்கினால் நான்கரை நிமிடம்கூட வராது. நிதானமாக ஓட்டினால் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். இதை நாமே சொல்லிவிட்டால், "பேட்டரி போலி" என்ற புகார் வராது.

ரிமோட்டைப் பொறுத்தவரை, ஆறு சேனலும் பல விமானங்களின் அமைப்பை நினைவில் வைக்கும் வசதியும் உள்ளதைப் பரிந்துரைக்கலாம். பழைய காலத்தில் க்ரிஸ்டல் மாற்றினால் போதும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் ஒரு கம்பெனியின் ரிசீவர் இன்னொரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டருடன் பெரும்பாலும் சேராது. விற்கும் முன் கடையிலேயே இணைத்துக் காட்டிவிடுவது உத்தமம்.

கடையின் பாதுகாப்பு

லிப்போ பேட்டரியைச் சாதாரண சரக்காக நினைக்க வேண்டாம். முழுமையாகச் சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைக்கக் கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இருப்பு வைப்பதே சரி. ஷட்டர் மூடிய அறையில் சித்திரை, வைகாசி வெயில் ஏறும் மேல்தட்டு அதற்கு உகந்த இடம் அல்ல. உப்பிய பேட்டரியைத் தள்ளுபடி விலையிலும் விற்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தால் நம் கடை மட்டுமல்ல, பக்கத்துக் கடையும் சேர்ந்துதான் போகும்.

வெளியூரிலிருந்து சரக்கு எடுப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே பார்சல் தாமதத்தைக் கணக்கிட்டே ஆர்டர் போட வேண்டும்.

சட்டம் சொல்வது

2021 ஆகஸ்டில் வெளிவந்த ட்ரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்பார்வைக்குள் இயக்கப்படும் 25 கிலோ வரையிலான மாடல்களைத் தனியே வரையறுக்கின்றன. எங்கே பறக்கவிடலாம் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலம் பிரித்து டிஜிட்டல் ஸ்கை வரைபடம் காட்டுகிறது. விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு நீள்கிறது. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் உள்ள எங்கள் ஊரில், வரைபடத்தைப் பார்க்காமல் எந்த மைதானத்தையும் நாங்கள் சொல்வதில்லை.

2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதி, சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. எனவே மாடல் விமானங்களை நேரடியாக இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரிகள், தம் சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்பதைச் சுங்க முகவரிடம் எழுத்து மூலம் பெற்ற பிறகே முன்பணம் கட்ட வேண்டும். ரிமோட்டுகளுக்கு உரிய வயர்லெஸ் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கொள்முதல் யோசனை

பத்து வகை விமானங்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவதைவிட, இரண்டே வகையை எடுத்து அவற்றின் இறக்கை, வால், ப்ரொப்பெல்லர், சர்வோ, தரையிறங்கும் கால் ஆகியவற்றை இருப்பில் வைப்பது மேல். விமானம் விழத்தான் செய்யும். விழுந்த மறுநாள் உதிரிபாகம் கிடைக்கும் கடைக்கே வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். ஒட்டும் பசையிலும் கவனம் தேவை. தெர்மோகோல் வகை நுரையைச் சாதாரண சூப்பர் க்ளூ கரைத்துவிடும். நுரைக்கென்று உள்ள பசையைத் தனியே வாங்கி வைக்க வேண்டும்.

அந்தத் தந்தை கேட்ட கேள்விக்குப் பிறகு, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஜெட் மாடல் கேட்டு வந்தார். மூன்று கேள்விகளையும் கேட்டோம். ஜெட்டைக் கொடுக்க மறுத்து, தாழ்ந்த இறக்கை ஸ்போர்ட் விமானத்தைக் கொடுத்தோம். "பணம் வேண்டாம் என்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் போனார். அந்த ஓராண்டில் இரண்டு பேட்டரி, ஒரு நல்ல சார்ஜர், ஆறேழு ப்ரொப்பெல்லர், ஒரு இறக்கை என்று எங்களிடமே வாங்கினார். பிறகு ஜெட்டும் எங்களிடமே வாங்கினார். அது இன்றும் பறக்கிறது.

போர் விமானமும் ஜெட்டும் விற்கக் கூடாத சரக்கு அல்ல. அவை மூன்றாவது விமானம். இரண்டாவதை ஒழுங்காக விற்றவரிடம்தான் மூன்றாவதைக் கேட்டு வருவார்கள். "இது உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லும் துணிவு கல்லாப்பெட்டிக்கு நஷ்டம் போலத் தோன்றும். வருடக் கடைசியில் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் அது லாபம் என்பது தெரியும். உறுப்பினர்கள் தத்தம் கடைகளில் இதைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.