தார்ப்பாய்: மேலே பெரிது, கீழே சிறிது!

அக்டோபர் பிறந்தால் கோடியக்கரை கடற்கரையில் குடிசைகள் எழும். மார்ச் வரை நீடிக்கும் மீன்பிடி சீசனுக்காக வெளியூர் மீனவர்கள் வந்து, மணலில் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குவார்கள். அதே நாட்களில் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் விற்காத உப்பைக் குவித்துப் பனையோலையாலும் தார்ப்பாயாலும் மூடுவார்கள். டெல்டா வயல்களில் அறுவடையான குறுவை நெல், களத்திலும் கொள்முதல் நிலைய வாசலிலும் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மூன்று தரப்புக்கும் கைகொடுப்பது தார்ப்பாய்தான்.

மேலே மூடும் தார்ப்பாயை எல்லோரும் கவனமாகப் பார்த்து வாங்குகிறார்கள். கீழே விரிப்பதற்கு மட்டும் 'ஏதோ ஒன்று போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், மேலிருந்து விழும் மழையைவிட, அடியில் புகும் தண்ணீரால்தான் பல நேரங்களில் நெல் கெடுகிறது.

அடியில் தண்ணீர் புகுவது எப்படி?

கீழ்த் தார்ப்பாய், மேல்மூடியைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து வழியும் தண்ணீர் நேராக அதன்மீது விழும். கீழே இறங்க வழியில்லாததால், குவியலின் அடிக்கே ஓடிப் போய்த் தேங்கும். மீனவர் குடிசை, வயல்காவல் கொட்டகை, சுற்றுலா வருவோரின் கூடாரம், நெல் அம்பாரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். படுக்கும் இடமாக இருந்தால், கூரையின் விளிம்பைவிட நான்கு பக்கமும் அரை அடியாவது உள்ளே தள்ளி விரிக்க வேண்டும். மிஞ்சினால் விளிம்பை அடிப்பக்கமாக மடித்துவிடலாம்.

நெல்லுக்கு மடிப்பு நேர்மாறு. காயவைக்க அகலமாக விரித்த தார்ப்பாயின் விளிம்புகளை, மழை வரும்போது குவியலின்மேல் ஏற்றி மடிக்க வேண்டும். மேல்மூடி அதற்கும் வெளியே தரை வரை தொங்க வேண்டும். மேடான இடமாகப் பார்த்துக் குவித்து, சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். மழை மிகுந்த ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதும் உண்டு. தளர்வு வரும்வரை காத்திருக்கும் நெல், அடியில் நனைந்தால் முளைத்துவிடும், நிறம் மாறும். நாலு மாத உழைப்பு அந்த ஒரு இரவில் போய்விடும்.

எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்

கடையில் நிறத்தையும் பளபளப்பையும் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தார்ப்பாய் எத்தனை கிராம் எடை என்பதே அது. இதைத் தராசிலேயே சரிபார்த்துவிடலாம்.

18 அடிக்கு 12 அடி என்றால் 216 சதுர அடி. அது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். அந்தத் தார்ப்பாய் 5 கிலோ இருந்தால் 250 ஜிஎஸ்எம். 4 கிலோ என்றால் 200. 3 கிலோ என்றால் 150 தான். 250 என்று சொல்லி விற்பது மூன்றரை கிலோகூட வராவிட்டால் வேறு கடை பார்ப்பது நல்லது. நீள அகலத்தையும் அளந்து பாருங்கள். விளிம்பு மடித்துத் தைத்தபின் சொன்ன அளவைவிடக் குறைவது உண்டு. பின்னல் வகைத் தார்ப்பாய்க்கு ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மேலே கட்டுவதைக் கெடுப்பது வெயிலும் காற்றும். அதற்குப் புறஊதாக் கதிரைத் தாங்கும் தன்மையும், உறுதியான வளையங்களும் தேவை. கீழே விரிப்பதைக் கெடுப்பது கல், அறுத்த தாள், சிப்பி ஓடு, சீமைக் கருவேல முள். அதற்குக் கனமும், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சும் தேவை. விரிக்குமுன் தரையைப் பெருக்கி, வைக்கோல் பரப்பினால் தார்ப்பாயின் ஆயுள் கூடும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். தார்ப்பாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசித்துளை இருந்தால் தெரியும். மூலையை நகத்தால் சுரண்டுங்கள். பூச்சு உரிந்து வந்தால் வாங்காதீர்கள். கடற்கரைப் பகுதியில் இரும்பு வளையம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அலுமினிய வளையம் மேல்.

சில ஆண்டுகளில் வேளாண்மைத் துறைத் திட்டங்களில் தார்ப்பாய் மானிய விலையில் கிடைக்கிறது. சீசனுக்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி பதில்

*போன வருடம் மேலே கட்டியதை இந்த வருடம் கீழே விரிக்கலாமா?*

ஒரு மூலையை அழுத்தி மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு விழாவிட்டால் விரிக்கலாம். கீழே கிடந்ததை மேலே கட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும்.

*ஈர நெல்லைத் தார்ப்பாயால் இறுக்கி மூடி வைக்கலாமா?*

மழை பெய்யும்வரை மட்டும். ஈர நெல் மூச்சுவிட்டுச் சூடேறும். மழை விட்டதும் திறந்து, கிளறி, காற்றாட விடுங்கள்.

*விதை நெல்லைத் தார்ப்பாயில் காயவைத்தால் முளைப்புத்திறன் குறையுமா?*

நெல்லின் சூடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குறையும். கறுப்பு நிறம் வெயிலை அதிகம் வாங்கும், அதைத் தவிர்க்கலாம். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். உச்சி வெயிலில் நிழல் கொடுங்கள்.

*எங்கள் பக்கம் மணல். முளைக்குச்சி அடித்தால் பிடுங்கிக்கொள்கிறதே?*

சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கை வசமாகப் புதையுங்கள். கயிற்றின் மறுமுனையைத் தார்ப்பாயில் கட்டுங்கள். சாதாரண மழைக்காற்றுக்கு இது தாங்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா போன்ற புயலுக்கு எந்தத் தார்ப்பாயும் தாங்காது. எச்சரிக்கை வந்ததும் ஆட்கள் பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

*சீசன் முடிந்தபின் எப்படிப் பத்திரப்படுத்துவது?*

நல்ல தண்ணீரில் உப்பும் மண்ணும் போகக் கழுவி, இருபக்கமும் காயவைத்துச் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.