மூன்று கட்டைகளும் ஒரு லட்சம் படங்களும்

1970-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாட்ரிக் வின்ஸ்டன் என்ற ஆய்வு மாணவர், வளைவு என்றால் என்னவென்று ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய வளைவு மூன்றே கட்டை. இரண்டு நிற்கும், ஒன்று அவற்றின் மேல் படுத்திருக்கும். நம் வீட்டு வாசல்நிலை போலத்தான். அதுவும் புகைப்படம் அல்ல, வெறும் கோட்டுப் படம்.

நிரலுக்குள் அந்தப் படம் ஒரு வலையாக இருந்தது. கட்டைக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் உறவின் பெயர்: தாங்குகிறது, தொடுகிறது, இடப்பக்கம் இருக்கிறது. இதைத்தான் கிராஃப் என்கிறார்கள்.

பிறகு அவர் செய்ததுதான் அழகு. மேல் கட்டையை எடுத்துத் தரையில் போட்ட படத்தைக் காட்டி, "இது வளைவு இல்லை" என்றார். நிரல் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டது. 'தாங்குகிறது' என்ற கோட்டைக் காணோம். அப்படியென்றால் தாங்கியே ஆகவேண்டும் என்று குறித்துக்கொண்டது. அடுத்து, நிற்கும் கட்டைகள் இரண்டையும் ஒட்டிவைத்த படம். இதுவும் வளைவு இல்லை. அப்படியென்றால் இரண்டும் தொடவே கூடாது. கடைசியில் மேலே செவ்வகக் கட்டைக்குப் பதில் ஆப்பு வடிவக் கட்டை. இது வளைவுதான். ஆக, மேலே இருப்பது என்ன கட்டை என்பது முக்கியமில்லை. நாலே படத்தில், பொருளைவிட உறவு பெரிது என்று ஓர் இயந்திரம் கற்றுக்கொண்டது. இந்தத் துறையில் இதைவிட எனக்குப் பிடித்த பரிசோதனை வேறில்லை.

ஆனால் தெருவைப் படமெடுத்துக் கொடுத்தால் அந்த நிரலால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நிழல், இலை, கூட்டம் எல்லாவற்றிலும் எது எங்கே முடிகிறது என்று பிரிக்கவே பல பத்தாண்டுகள் பிடித்தன. 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற நிரல் வந்தது. படத்தில் இருப்பது என்னவென்று சொல்லும் இமேஜ்நெட் போட்டியில் 26 சதவீதமாக இருந்த பிழை 15-க்கு இறங்கியது. கணினி பொருள்களுக்குச் சரியாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தது.

பெயர் சொன்னால் போதுமா? படத்தில் மனிதன், குதிரை. அவன் குதிரை மேல் இருந்தால் சவாரி. குதிரைக்கு அடியில் இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

அதனால் வலை திரும்பி வந்தது, இந்த முறை 'சீன் கிராஃப்' என்ற பெயரில். ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய விஷுவல் ஜீனோம் திட்டத்தில் 1,08,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து எது எதன் மேல், எது எதன் பக்கத்தில் என்று எழுதினார்கள். படத்துக்குச் சராசரியாக 35 பொருள், 21 உறவு. வின்ஸ்டன் நாலு படத்தில் முடித்ததற்கு இன்று இத்தனை.

அதிலும் ஓர் ஓட்டை. மனிதன், சட்டை என்ற பெயர்களைச் சொன்னாலே போதும், 'அணிந்திருக்கிறான்' என்று படத்தைப் பார்க்காமலே ஊகித்துவிடலாம் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. கணினி கற்றதில் பாதி வழக்கம்தான், பார்வை அல்ல. 2022-ல் வினோகிரவுண்ட் என்ற சோதனை இரண்டு படங்களைக் காட்டி இன்னும் நேராகக் கேட்டது. செடிகள் சூழ்ந்த பல்பு எது, பல்பு சூழ்ந்த செடிகள் எது? இரண்டிலும் அதே சொற்கள்தான், வரிசை மட்டும் வேறு. அப்போது சோதித்த கணினி மாதிரிகள் எதுவும், கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட அதிகம் தேறவில்லை.

எனக்கு இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி இல்லை. என் பெரியப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. போனில் ஒரு செயலி வைத்திருக்கிறார். படமெடுத்தால் "மேசை மேல் தட்டு, தம்ளர், மாத்திரை அட்டை" என்று தெளிவாகச் சொல்லும். ஒருநாள் "தம்ளர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றது. மேசைக்கு எதிர்ப்புறம் நின்று போனைப் பிடித்திருந்தது நான். எனக்கு வலப்பக்கம், அவருக்கு இடப்பக்கம். கை தட்டில் பட்டு ரசம் கொட்டிவிட்டது. வின்ஸ்டனின் கட்டைகளை ஒரே இடத்திலிருந்து பார்த்தார்கள், அதனால் யாருக்கு இடப்பக்கம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இப்போதெல்லாம் பெரியப்பா இடம், வலம் கேட்பதில்லை. "தம்ளர் கதவுப் பக்கமா, ஜன்னல் பக்கமா?" என்றுதான் கேட்கிறார். நான் போனைக் கொஞ்சம் உயர்த்தி, மேசையோடு கதவும் படத்தில் விழும்படி பிடிக்கிறேன்.