ஆணா, பெண்ணா... யார் முடிவு செய்வது? சாந்தியின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி!

2006 டிசம்பர். கத்தார் தலைநகர் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் எல்லைக் கோட்டைத் தொட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள்.

அந்த மகிழ்ச்சி சில நாள்கள்கூட நீடிக்கவில்லை. போட்டி முடிந்ததும் அவருக்குப் பாலினச் சோதனை நடந்தது. அதில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக இருந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணின் மருத்துவ விவரம், ஊர் உலகமெல்லாம் செய்தியானது.

பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர் சாந்தி. 'நான் பெண்தான்' என்று அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். அன்று அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை.

சூளைக்கே திரும்பிய கால்கள்

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கினார். சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால், அவமானமும் வறுமையும் விடாமல் துரத்தின. 2012-ல், ஆசியப் பதக்கம் வென்ற அதே சாந்தி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வது செய்தியாக வந்தபோது நாடே அதிர்ந்தது.

2009-ல் தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. ஆனால், அவருடைய நாடு அவர் பக்கம் நின்றது. உலக சாம்பியன் பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்திக்கு அப்படி ஒரு துணை கிடைக்கவில்லை.

பிறகு அவர் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். மதுரையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கோபி ஷங்கர் போன்றவர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

ஊடுபால் என்றால்?

ஆண் உடல், பெண் உடல் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் இரண்டு அச்சுகளில் அடங்காமல் சிலர் பிறக்கிறார்கள். குரோமோசோம், ஹார்மோன், இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றில் இந்த வேறுபாடு இருக்கலாம். இவர்களைத்தான் இன்டர்செக்ஸ் என்கிறார்கள். தமிழில் ஊடுபால், இடைபால் என்ற சொற்கள் புழங்குகின்றன. சிலருக்குப் பிறந்தவுடன் தெரியும். சிலருக்குப் பருவ வயதில் தெரியவரும். சிலருக்குக் கடைசி வரை தெரியாமலே போகும். மக்கள்தொகையில் 1.7 சதவிகிதம் வரை இருக்கலாம் என்கிறது ஐ.நா.

ஊடுபாலும் திருநர் அடையாளமும் ஒன்றல்ல. முன்னது பிறவியிலேயே உள்ள உடல் அமைப்பு. பின்னது, பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தைத் தாண்டி ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. 2019-ல் வந்த மத்திய அரசின் திருநர் சட்டம் இரண்டையும் ஒரே வரையறைக்குள் வைத்திருப்பதை ஊடுபால் செயற்பாட்டாளர்கள் விமர்சிக்கிறார்கள்.

மதுரையில் ஒரு தீர்ப்பு

பிறந்த குழந்தையின் உறுப்பு வித்தியாசமாக இருந்தால், 'ஊருக்குத் தெரியும் முன் அறுவை சிகிச்சை செய்து சரி பண்ணிடலாம்' என்பதே நெடுங்கால வழக்கம். அதன் பின்விளைவுகளை ஆயுள் முழுக்கச் சுமப்பது அந்தக் குழந்தைதான்.

2019 ஏப்ரல் 22. ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டதோடு அவர் நிற்கவில்லை. கோபி ஷங்கரின் பணியைச் சுட்டிக்காட்டி, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் திணிக்கும் அறுவை சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது. அந்தக் குழந்தை குடும்பத்தோடுதான் வளர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. இந்தியாவில் இப்படித் தடை விதித்த முதல் மாநிலம் தமிழ்நாடு. உலகில் முதல் நாடாக 2015-ல் மால்டா இதைச் செய்திருந்தது.

பெற்றோர் கவனத்துக்கு...

பழவேற்காடு ஏரிக்கரையின் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறக்கும் குழந்தைக்கும் சரி, கத்தக்குறிச்சியில் பிறக்கும் குழந்தைக்கும் சரி, இந்த அரசாணை பொருந்தும். அதற்காக மருத்துவரிடமே போக வேண்டாம் என்று அர்த்தமில்லை. சில குழந்தைகளுக்கு ஹார்மோன் குறைபாட்டால் உடலில் உப்புச் சத்து ஆபத்தான அளவுக்குக் குறையும். அவர்களுக்கு உடனடி மருந்து அவசியம். தள்ளிப்போட வேண்டியது, உயிர்காக்கும் சிகிச்சையை அல்ல. தோற்றத்தை மாற்றும் கத்தியை. பிள்ளை வளர்ந்து, தன்னைப் புரிந்துகொண்டு, தானே சொல்லட்டும். அதுவரை அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அரணாக நிற்பதுதான் பெற்றோரின் வேலை.

சாந்தி இழந்த பதக்கம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. 2025 முதல், உலகத் தடகளப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. நாளை இன்னொரு கிராமத்துப் பெண்ணுக்கும் அதே முடிவு வரலாம். அன்றைக்கு அவளுடைய ரிப்போர்ட்டை ஊருக்குப் படித்துக் காட்டுவோமா, அவள் சொல்வதைக் கேட்போமா? சாந்திக்கு நாம் பட்டிருக்கும் கடன், அந்தப் பதிலில்தான் தீரும்.