நானுங்க, சொனுன்யோ

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பத்து நிமிஷம் காதைக் கொடுத்து நின்றால், கொரிய மொழியின் மரியாதையில் பாதி பிடிபட்டுவிடும். "எந்த ஊருங்க?" "நானுங்களா? பழனிங்க." இந்த 'ங்க' வினைச்சொல்லோடு நிற்பதில்லை, ஊர்ப்பெயர், ஆமாம், இல்லை என்று எதன் வாலிலும் தொற்றிக்கொள்ளும். கொரியனில் அந்த வேலையைப் பார்ப்பது 'யோ'. 'சொனுன்' என்றால் நான். 'சொனுன்யோ' என்றால் நானுங்க. அவ்வளவுதான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்தே தமிழ்நாட்டில் கொரியனுக்கு ஒரு சம்பள மதிப்பு உண்டு. சீரியலும் பாட்டும் பிறகு வந்து சேர்ந்தன. சென்னையில் 2006 முதல் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. திண்டுக்கல்லில் கொரியன் படிக்க எனக்கு வாய்த்தது கைப்பேசியும் ஆங்கில விளக்கமும்தான். அந்த ஆங்கிலம்தான் சுற்றுவழி. 'கா பொசெயோ' என்பதற்கு 'முயற்சி செய்தல்' என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள். 'பொதா' என்றால் பார். போய்ப் பாருங்க! 'சா துசெயோ', வாங்கி வையுங்க. 'வத்தெயோ', வந்தாராம். 'வச்சோ?', வந்தாருல்ல? மழையைக் கண்டதும் 'பிகா ஓனெயோ' என்பார்கள். நாம் 'மழை பெய்யுதே' என்போம்.

இந்த ஒற்றுமையைக் கண்டு மயங்கியவர்களில் ஹோமர் ஹல்பர்ட் முக்கியமானவர். கொரியாவில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர். கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-ல் ஒரு இலக்கண நூலே போட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. அம்மா, அப்பா என்று ஒத்த சொற்களைப் பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விடுபவர்களுக்கு இது கசக்கும். எனக்கு உறவுமுறை வேண்டாம். வாக்கியம் அமைந்தால் போதும்.

அதிலும் ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தேன். நம் 'விடு' போல அவர்களுக்கு 'பொரிதா'. நேர்ப்பொருள், தூக்கி எறி. பஸ் போயிடுச்சு என்பதற்கு 'கா பொர்யொஸ்ஸொயோ' கச்சிதம். அந்தத் தைரியத்தில், சாப்பிட்டாச்சா என்று இணைய வகுப்பில் ஆசிரியை கேட்டபோது 'மொகொ பொர்யொஸ்ஸொயோ' என்றேன், சாப்பிட்டுட்டேன் என்ற நினைப்பில். அவர் முகம் மாறியது. யாருடைய சாப்பாட்டை என்று கேட்டார். நம் வாயில் 'விடு' தேய்ந்து, வேலை முடிந்தது என்பதோடு நின்றுவிட்டது. அவர்களிடம் இன்னும் தேயவில்லை. இழப்போ நிம்மதியோ கூடவே வரும். சாப்பிடக் கூடாததை மொத்தமாகத் தின்று தீர்த்தவன் சொல்லும் பதில் அது. வெறும் 'மொகொஸ்ஸொயோ' போதுமாம்.

'அதனால' இன்னொரு பள்ளம். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'ஆல்'. அங்கே 'சொ' என்றும் 'னிக்கா' என்றும் இரண்டு. வெக்கையா இருக்கு, ஜன்னலைத் திறங்க என்று ஏவும்போது 'சொ' வராது, 'னிக்கா'தான். லேட்டானதுக்கு மன்னிப்புக் கேட்கும்போது 'சொ'. அங்கே 'னிக்கா' போட்டால் மன்னிப்பு போய், நியாயம் பேசுவதுபோல் ஆகிவிடும். மாதக்கணக்கில் இதில் அடி வாங்கினேன்.

தமிழில் ஒட்டே இல்லாத ஒன்றும் உண்டு. தானே போய் அனுபவித்ததைச் சொல்ல 'தொராகோயோ'. குளிர் என்றால் 'சுப்தொராகோயோ': குளிருச்சு, நானே உணர்ந்தேன். கேள்விப்பட்டது மட்டும் என்றால் 'சுப்தெயோ', குளிருதாம். இந்தப் பாடத்தன்று ஆசிரியை, உங்கள் மாவட்டத்தில் ஒரு மலை ஊர் இருக்கிறதாமே, டிசம்பரில் எப்படி இருக்கும் என்று கேட்டார். கொடைக்கானலைச் சொல்கிறார். பிறந்ததிலிருந்து திண்டுக்கல்லில் இருக்கிறேன். டிசம்பரில் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை.

"சுப்தெயோ" என்றேன்.