விடைகளை ஒப்பிடும் நேரமும் வகுப்பறையே

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதிய எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு பேருந்துக்காகக் காத்திருந்தேன். தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எனவே ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கணக்கிட்டபடி விடைகளை ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு பொருளின் விலையை 20% உயர்த்தி, பின்பு 20% குறைத்தால் விலை என்னவாகும்? "மாற்றமில்லை" என்றார்கள் ஐந்து பேர். "4% குறையும்" என்று விடையளித்திருந்த மாணவியின் கண்கள் கலங்கிவிட்டன. ஐந்து பேர் சொன்னால் அதுதான் சரி என்று அவளும் நம்பிவிட்டாள்.

"எப்படிப் போட்டாய், சொல்லும்மா" என்றேன்.

"நூறு ரூபாய்னு வச்சுக்கிட்டேன் சார். 20% ஏத்தினா 120. அந்த 120ல 20% 24 ரூபாய். கழிச்சா 96."

மற்றவர்கள் அமைதியானார்கள். முதல் 20% நூறுக்கு. இரண்டாவது 20% நூற்றிருபதுக்கு. ஐந்து பேரும் ஒரே தவறைச் செய்திருந்தால் அது கவனக்குறைவு அன்று. 'எதில் சதவீதம்?' என்று கேட்கும் பழக்கத்தை நான் வகுப்பில் ஏற்படுத்தவில்லை என்பதே பொருள்.

தேர்வு முடிந்ததும் "முடிந்ததைப் பேசாதீர்கள்" என்று தடுப்பதே என் வழக்கமாக இருந்தது. இப்போது மூன்றைக் கடைப்பிடிக்கிறேன்:

1. எந்த விடை என்பதோடு நிறுத்தாமல், எப்படி வந்தது என்றும் கேட்கிறேன்.
2. மாறுபட்ட விடை எழுதியவரை முதலில் பேசச் சொல்கிறேன்.
3. பலருக்கும் பொதுவான தவறை அடுத்த வகுப்பிலேயே மீண்டும் கற்பிக்கிறேன்.

விடைக்குறிப்பு மதிப்பெண்ணை மட்டுமே சொல்லும். எங்கே புரியவில்லை என்பதை மாணவர்களின் பேச்சுதான் சொல்லும்.