பார்வையற்ற நபித்தோழரும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்

 



திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் 'அபஸ'. மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தபோது, பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக் கொள்ள வந்தார்கள். பேச்சு இடையில் முறிந்துவிடுமே என்ற கவலையில் நபியவர்கள் முகம் திருப்பினார்கள். அது குறித்தே அவ்வத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. நாடி வந்த அந்த மாணவரே முதற்கவனத்திற்கு உரியவர் என்று அல்லாஹ் உணர்த்தினான்.

பிற்காலத்தில் அந்தத் தோழர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவரானார்கள். ரமளானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு ஸஹருக்கு. இவர்களின் பாங்கு ஃபஜ்ருக்கு. கண் தெரியாதவர் விடியலை அறிவது எங்ஙனம்? விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. பணி அவர்களுடையது, பிறர் தந்தது பார்வை மட்டுமே. பரிதாபப்பட்டு வீட்டில் உட்கார வைக்கவில்லை. உதவியே தராமல் தவிக்க விடவும் இல்லை.

இன்றைய பள்ளிகளைப் பாருங்கள். ஆண்டு விழா மேடையில் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளையை அமர்த்திப் பரிசளித்துப் படம் எடுக்கிறார்கள். பாடநூல் படத்திலும் அப்படி ஒரு பிள்ளை சிரித்துக் கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் வகுப்பறை மாடியில் இருந்தால், கழிவறைக்குப் படியேற வேண்டியிருந்தால், அந்தப் படத்தால் என்ன பயன்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இங்கே தெளிவாகவே பேசுகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்க வேண்டும். கற்பிக்கும் முறை பிள்ளைக்கேற்ப மாற வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இதில் 21 வகைகள். ஆட்டிசம் எனும் புறஉலகச் சிந்தனைக் குறைபாடும், எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது விருப்பத்தைப் பொறுத்தது.

தமிழகத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இத்தகைய மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் குறைபாட்டிற்கேற்ப வழங்கப்படுகின்றன. 'இது மற்றப் பிள்ளைகளுக்கு அநீதியல்லவா?' என்று சிலர் கேட்கிறார்கள். விடிந்துவிட்டது என்று சொன்னவர் பாங்கு சொல்லவில்லை; எழுதிக் கொடுப்பவரும் தேர்வு எழுதவில்லை. விடை அந்த மாணவருடையதுதான்.

குறை பள்ளியிடம் மட்டும் இல்லை. பேச்சு வராத பிள்ளையை ஓதிப் பார்க்க நம்மிடம் அழைத்து வருகிறார்கள். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் செவித்திறனைச் சோதித்தீர்களா என்று கேட்டால் மௌனம்தான் பதில். பெண்பிள்ளை என்றால், நாளை நிக்காஹ் தடைப்படுமே என்று சான்றிதழே வாங்காமல் மறைக்கிறார்கள். சான்றிதழ் இல்லையேல் மேற்சொன்ன சலுகை எதுவும் இல்லை; பிள்ளை தோற்று, 'மக்கு' என்ற பெயரோடு படிப்பை விடுகிறது. மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் தடையை அல்லாஹ்விடம் மறைக்காமல் முறையிட்டு, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள் என்பதை இவர்கள் சிந்திக்கட்டும்.

எனவே பெற்றோர்களே, ஐயம் தோன்றினால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அரசின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்; பள்ளிக்குச் செல்லவே இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. தேர்வுச் சலுகைக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பின் ஓடுவதில் பயனில்லை.

மக்தப் உஸ்தாதுகளுக்கும் ஒரு வார்த்தை. பா, தா, ஸா மூன்றும் புள்ளியால் மட்டுமே வேறுபடும் எழுத்துகள். நாள்தோறும் அவற்றைக் குழப்பும் பிள்ளையின் மீது பிரம்பை எடுக்குமுன், எழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். விரலால் தடவச் சொல்லுங்கள். காது மந்தமான பிள்ளையை உங்கள் வாயசைவு தெரியும்படி முன்வரிசையில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும் பக்கமாக உட்கார வையுங்கள்.