பழைய அம்பாசடர் நின்றபடி ஓடும்போது ஏன் உதறுகிறது?

ஹவுராவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், சாலையில் சீராக ஓடினாலும், சிக்னலில் நின்றபடி ஓடும்போது உதறுவதுண்டு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு அப்போது ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கு அப்பாலுள்ள உறிஞ்சு குழாயில் காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அந்நிலையில் தேய்ந்த த்ராட்டில் தண்டின் ஓரமாகவோ விரிசல் விட்ட கேஸ்கட்டின் வழியாகவோ நுழையும் சிறிதளவு காற்றும், உள்ளே செல்லும் மொத்தக் காற்றில் பெரும்பங்காகி, கலவையைப் பெட்ரோல் குறைந்ததாக்கிவிடுகிறது. வேகம் கூடும்போது அதே கசிவு பொருட்படுத்தத் தகாததாகிறது.

கார்புரேட்டரின் திருகை முதலில் திருப்புவது பெருந்தவறு. வால்வு இடைவெளி, தீப்பொறியின் நேரத்தை ஆளும் பாயின்ட், பிளக் ஆகியவை சரியாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே கலவையைத் தொட வேண்டும். இன்ஜின் ஓடும்போது, காப்பிட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உயர் மின்னழுத்தம் பாதிக்காதவாறு முனையை இன்ஜின் உடலோடு சேர்த்துப் பிடித்தால், எந்த ஒயரைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அந்த சிலிண்டரே வேலை செய்யாதது.

எஸ்யூ வகைக் கார்புரேட்டராயின், அதன் பிஸ்டனைச் சுமார் 1 மி.மீ. உயர்த்தும்போது வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் மிகுதி, இன்ஜின் நின்றுபோனால் பற்றாக்குறை. கணநேரம் சற்றே ஏறித் தணிந்தால் கலவை சரி.